நிவாரணத்தில் கட்சியும் சாதியும் புகுந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலோ வெள்ளமோ வந்துபோனால் தண்ணீர் வடிவதற்குள் இந்தச் சந்தேகங்கள் வந்துவிடுகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறைக்கானவை.

1. நிவாரணம்கிறது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிறதுதானே? உரிமைன்னு எப்படிக் கேட்க முடியும்?

கேட்க முடியும். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, பிரிவு 61: நிவாரணமும் இழப்பீடும் தரும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் என்ற எந்த அடிப்படையிலும் பாகுபாடு காட்டக் கூடாது. ‘அரசியல் கட்சி’ என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சொல்லியே சிலர் மனுவைத் தட்டிவிடப் பார்ப்பார்கள். கட்சி பார்த்து ஒதுக்குவதைத் தடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட இரண்டு குடும்பங்களை அரசு இரண்டு விதமாக நடத்தினால், அதற்கு ஏற்கத்தக்க காரணத்தை அரசுதான் சொல்ல வேண்டும். ஆகவே மனுவில் இரண்டு பிரிவுகளையும் எழுதுங்கள்.

முகாமில் இருப்பவர்களுக்கும் அளவு உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தர நெறிமுறைப்படி ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளைக்கு 3 லிட்டர் குடிநீர், பெரியவர்களுக்கு 2,400 கலோரி உணவு, 30 பேருக்கு ஒரு கழிப்பறை. மண்டபத்தின் நீள அகலத்தை அளந்து, தலைகளை எண்ணி, வகுத்துப் பாருங்கள். ‘முகாமில் வசதி இல்லை’ என்பதைவிட ‘210 பேருக்கு 2 கழிப்பறை’ என்ற வரி அதிகாரியை வேகமாக அசைக்கும்.

2. லிஸ்ட்டை யாரு போடுறாங்க? கவுன்சிலரா, வி.ஏ.ஓ.வா?

பட்டியல் மூன்று இடங்களில் உருவாகிறது. முதலாவது அரசாணை: எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த வருவாய்க் கிராமம் ‘பாதிக்கப்பட்டது’ என்று அங்கேதான் முடிவாகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குக் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது, சென்னையைச் சுற்றிய மாவட்டங்களில் சில வட்டங்கள் முழுதாகச் சேர்ந்தன. சில வட்டங்களில் ஒருசில கிராமங்கள் மட்டுமே சேர்ந்தன. உங்கள் கிராமமே அரசாணையில் இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் சண்டை போட்டுப் பயனில்லை. மனு கலெக்டருக்கும் வருவாய் நிர்வாக ஆணையருக்கும் போக வேண்டும்.

இரண்டாவது கணக்கெடுப்பு: வீடு, கால்நடை, பயிர்ச் சேதத்தை வி.ஏ.ஓ. எழுத, வருவாய் ஆய்வாளர் சரிபார்க்க, தாசில்தார் கையெழுத்திடுவார். மூன்றாவது வழங்கல்: ரேஷன் கடை, டோக்கன், விரல்ரேகை.

இந்த மூன்றிலும் கவுன்சிலருக்கோ கட்சியின் வட்டச் செயலாளருக்கோ கிளைச் செயலாளருக்கோ கையெழுத்து அதிகாரம் கிடையாது. ஆனால் வி.ஏ.ஓ. தெருவில் நடக்கும்போது பக்கத்தில் நடப்பவர் யார் என்று பாருங்கள். ‘இந்த வீடு நம்மாளு, அது பூட்டிக் கிடக்குது’ என்று அவர் சொல்வதுதான் நோட்டில் ஏறுகிறது. பாரபட்சம் பெரும்பாலும் அந்த நடையில் நடக்கிறது. கடை வாசலில் நாம் பார்ப்பது அதன் விளைவை மட்டும்தான்.

3. என் பேரு விட்டுப்போச்சு. அதுவே பாரபட்சமா?

இல்லை. அட்டையில் பழைய முகவரி, ஆதார் இணைப்புக் கோளாறு, கணக்கெடுக்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்தது எனச் சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. முதலில் அவற்றைக் களையுங்கள்.

பாரபட்சத்தைக் காட்டுவது ஒப்பீடு. அதே தெரு, அதே நீர்மட்டம், அதே மாதிரிச் சுவர்; ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. இப்படி ஐந்தாறு ஜோடிகளை எடுத்துக் கிடைக்காதவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்: போன உள்ளாட்சித் தேர்தலில் எதிரணிக்கு வேலை செய்தவர்களா, ஒரே சாதியா, ஊருக்கு வெளியே குடியிருப்பா? அந்த வடிவம் தெரிந்தால்தான் ‘விடுபட்டது’ என்பது ‘விலக்கப்பட்டது’ ஆகும். மனுவில் கட்சிப் பெயரை இழுக்காமல் ஜோடிகளை மட்டும் வைப்பது நல்லது. பெயரை இழுத்த நிமிடமே அது ‘கட்சிப் பிரச்சினை’ என்று ஓரங்கட்டப்படும்.

4. தண்ணி வடிஞ்ச உடனே முதல்ல என்ன செய்யணும்?

சுவரைக் கழுவாதீர்கள். சேறு விட்ட கோடுதான் உங்கள் முதல் சாட்சி. தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம். கதவு எண் தெரியும்படி ஒரு படம். தெருமுனையிலிருந்து நடந்துவந்து வீட்டுக்குள் நுழைவது வரை வெட்டாமல் ஒரு காணொளி. கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கிவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். மூலப் படத்தைத் தனியாக வைத்திருங்கள், அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

கால்நடை செத்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். நிவாரணம் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான். நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டு, பிறகு வெறும் படத்தோடு அலைவார்கள்.

5. டோக்கனைக் கட்சி ஆபீஸ்ல வந்து வாங்கிக்கன்னு சொல்றாங்க. போகலாமா?

அரசு டோக்கனைத் தர வேண்டியவர்கள் ரேஷன் கடை ஊழியர்கள். அதில் கடை எண், அட்டை எண், வர வேண்டிய நாள், நேரம் இருக்கும். கட்சிக்காரர் கையிலிருந்து வந்தாலும் டோக்கன் செல்லும். வாங்கிக்கொள்ளுங்கள், பசிக்குக் கொள்கை தெரியாது. ஆனால் கொடுத்தவர், இடம், நேரம் மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். உறுப்பினர் அட்டை கேட்டார்களா, ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்பதையும் சேர்த்து.

டோக்கன் தர மறுத்தால் கடையில் போய் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் 1967-இல் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். இன்னொன்று: பொருள் வாங்காமலே ‘வழங்கப்பட்டது’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் வேறொருவர் வாங்கியதற்கு நேரம் குறித்த ஆதாரம் அது.

6. மனு யாருக்கு எழுதணும்? எப்படி எழுதினா குப்பைக்குப் போகாது?

முதல் மனு தாசில்தாருக்கு, நகல் கோட்டாட்சியருக்கும் கலெக்டருக்கும். பெரும்பாலான மாவட்டங்களில் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் போட்டுத் தருவார்கள். முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணிலும் பதியலாம். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள்.

ஒரு பக்கம் போதும். ‘ஏழை நாங்கள் பாரபட்சமின்றி உதவ வேண்டும்’ என்ற வகை மனுவில் அதிகாரி செய்ய எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் தெருவில் 34 வீடுகளில் நீர் புகுந்தது. 21 வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. இணைப்பில் உள்ள 13 வீடுகள் விடுபட்டுள்ளன. ஒவ்வொன்றின் கதவு எண், அட்டை எண், நீர்மட்டம் தரப்பட்டுள்ளது. இந்த 13 வீடுகளையும் மறு ஆய்வு செய்து, சேர்க்க இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறோம்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 12-ஆம், 15-ஆம் கேள்விகளில் வரும் இடங்களுக்குப் போகும்போது அந்த எழுத்து மறுப்பு, அல்லது கேட்டும் தரவில்லை என்பதற்கான முத்திரை, கையில் இருக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திடுவதைவிடத் தனித்தனி மனுவும் ஒரு பொதுப் பட்டியலும் நல்லது. பொது மனுவில் இரண்டு பேரை மிரட்டிப் பின்வாங்க வைத்தால் மொத்த மனுவும் ஆட்டம் காணும்.

7. வீடே உட்கார்ந்துபோச்சு. ‘பகுதி சேதம்’னு எழுதிட்டு எதிர்வீட்டுக்கு ‘முழு சேதம்’ போட்டிருக்காங்க. என்ன வித்தியாசம்?

நிறைய. 2022–26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளில் சமவெளிப் பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமான ஓட்டு, காரை வீட்டுக்கு 6,500. மண் வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 விழுக்காடு சேதம் இருந்தால்தான். குடிசைக்கு 8,000. மாநில அரசு தன் பங்குக்கு இதைக் கூட்டித் தருவதுண்டு, ஆகவே அந்தப் புயலுக்கான அரசாணையைத் தேடிப் பாருங்கள்.

ஒரே சொல்லில் தொகை பதினெட்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. வேண்டியவருக்குச் செய்வதும் வேண்டாதவருக்குச் செய்வதும் இந்த ஒரு கட்டத்தில் முடிந்துவிடும், பட்டியலில் பெயரும் இருக்கும். ‘பெயர்தான் இருக்கே’ என்று நீங்களும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அதனால் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல் சேத வகை, தொகை ஆகிய இரண்டு பத்திகளையும் படியுங்கள். மாற்றி எழுதியிருந்தால் பொதுப்பணித் துறைப் பொறியாளரை வைத்து மறு அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம்.

8. ரேஷன் கார்டு இல்ல, வாடகை வீடு வேற. எங்களை யாரு கணக்குல எடுப்பாங்க?

அட்டை அடிப்படையிலான ரொக்கத்தில் விடுபடுபவர்களில் இவர்களே அதிகம். மிக்ஜாமின்போது அட்டை இல்லாதவர்களிடமும் ரேஷன் கடைகளில் விண்ணப்பம் வாங்கினார்கள். அதேபோல் படிவம் கேளுங்கள். ஆதார், சமையல் எரிவாயு ரசீது, பள்ளிச் சான்று என அந்த முகவரியைக் காட்டும் எதையும் இணைக்கலாம். இருளர் குடியிருப்புகளில் இது இன்னும் சிக்கல்: அட்டையும் இருக்காது, சாதிச் சான்றும் இருக்காது. அங்கே தனித்தனியாக அலைவதைவிட முகாம் நடத்தச் சொல்லிக் கோட்டாட்சியருக்கு மனு கொடுப்பதே பயன் தரும்.

வீட்டுச் சேதத் தொகை வீட்டுக்காரருக்குப் போகும். குத்தகை விவசாயிக்குப் பயிர் நிவாரணம் வேண்டுமென்றால் அடங்கலில் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் சாகுபடிப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவராக அவர் பெயர் ஏறியிருக்க வேண்டும். புயலுக்குப் பிறகு அதை மாற்றச் சொன்னால் நடக்காது, பருவத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டிய வேலை.

9. ஆர்.டி.ஐ. போட்டா லிஸ்ட்டைக் கொடுப்பாங்களா? ‘தனிநபர் தகவல்’னு மறுக்குறாங்களே?

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலிருந்து 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

‘ஏன் எனக்குத் தரவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: சேதக் கணக்கெடுப்புப் பதிவேட்டின் நகல், கள ஆய்வு நாளும் ஆய்வு செய்தவர் பதவியும், அனுமதிக்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட பட்டியல்கள், நிராகரிப்புக் காரணம் எழுதிய கோப்புக் குறிப்பு. பக்கங்கள் அதிகமென்றால் நேரில் பார்வையிடக் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

தனிநபர் தகவல் என்ற மறுப்பு இப்போது கூடியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) 8(1)(ஜே) பிரிவில் இருந்த பொதுநல விதிவிலக்கை எடுத்துவிட்டது. ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம். மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தைத் துறைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி) பிரிவும் இருக்கிறது. மேல்முறையீட்டில் இவ்விரண்டையும் எழுதி, ஆதார், வங்கி, கைப்பேசி எண்களை மறைத்துத் தந்தால் போதும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

10. எங்க காலனிக்கு லாரியே வரல. ஊருக்குள்ளேயே பிரிச்சுக்கிட்டாங்க. எங்க போய்ச் சொல்றது?

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் விரிவாகப் பதிவான பிரச்சினை இது. பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்து சொன்ன பட்டியலை வைத்தே நிவாரணம் போனது. மீனவர் அல்லாத தலித் விவசாயக் கூலிகளின் இழப்பு கணக்கிலேயே வரவில்லை; முகாம்களிலும் தண்ணீரிலும் பிரித்துவைத்த புகார்கள் எழுந்தன. வேகமாக வேலை முடிகிறது என்று அதிகாரிகள் இன்றும் ஊர்ப் பட்டியலைத்தான் தேடுகிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். பொதுக் குழாய், கைப்பம்பு போன்றவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பும் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி பிரிவு 3(1)-இல் தனிக் குற்றங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை (பிரிவு 18ஏ). விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரி. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு, அவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருந்தால், பிரிவு 4 உண்டு. உதவி எண் 14566.

‘லாரி வரவில்லை’ என்பதை மட்டும் வைத்து இந்த வழக்கு நிற்காது. யார் தடுத்தார், என்ன சொன்னார், எந்த இடத்தில், யார் கேட்டார் என்பது வேண்டும். ஓட்டுநரின் வாக்குமூலம் கிடைத்தால் பொன்.

11. புகார் கொடுத்ததும் மிரட்டல் வருது. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்புறாங்க.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீதுதான், வழக்குப் பதிவல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 173-இன்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பதியவில்லை என்றால் எஸ்.பி.க்கு எழுத்தில், அங்கும் நகரவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம். மிரட்டல் தொலைபேசியில் வந்தால் அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள். நேரில் வந்தால் அன்றைக்கே இன்னொரு மனு. ஒரு வாரம் கழித்து மொத்தமாக எழுதினால் ஜோடித்தது போலத் தெரியும்.

12. மனித உரிமை ஆணையத்துக்குப் போனா பணம் கிடைக்குமா? எத்தனை நாளைக்குள்ள போகணும்?

சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். தாண்டினால் எடுக்க மாட்டார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தமிழில் எழுதலாம். புகார் அரசு ஊழியரைப் பற்றியதாக இருக்க வேண்டும்: அவர் செய்த மீறல், அல்லது மீறலைத் தடுக்காத அலட்சியம். வட்டச் செயலாளர் மீது நேராகப் புகார் கொடுத்தால் திரும்பிவிடும். அவரைப் பட்டியல் போடவிட்ட வி.ஏ.ஓ., தாசில்தார் மீது கொடுங்கள். மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டுக்கும் ஒரே புகாரை அனுப்புவது வீண்; ஒன்றில் நிலுவையில் இருந்தால் மற்றொன்று தொடாது.

ஆணையம் இழப்பீடு பரிந்துரைக்கலாம். ‘பரிந்துரைதானே’ என்று முன்பு அதிகாரிகள் அலட்சியப்படுத்துவார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதை மேற்கோள் காட்டுங்கள்.

13. லிஸ்ட்ல சேர்க்க 500 ரூபா கேட்டாங்க, கொடுத்துட்டோம். இப்ப சொன்னா நாங்களும் மாட்டுவோமா?

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவருக்கு விலக்கு. ஆகவே ஆறாம் நாளிலாவது லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதிவிடுங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுப்பதற்கு முன்பே அவர்களிடம் போவது எளிது.

14. கட்சிக்காரங்க அவங்க காசுல அரிசி கொடுக்குறாங்க. அவங்க ஆளுங்களுக்கு மட்டும் கொடுத்தா தப்பா?

சொந்தக் காசு என்றால் சட்டப்படி பெரிதாகக் கேட்க முடியாது, அசிங்கம்தான், குற்றமல்ல. மூன்று இடங்களில் அது குற்றமாகும். ஓட்டுக்காகக் கொடுத்தால் தேர்தல் லஞ்சம். மற்றவர்கள் அனுப்பிய லாரியை மறித்து இறக்கினால் சட்டவிரோதத் தடுப்பும் பறிப்பும். 2015 சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்கள் கொண்டுவந்த பொருளிலும் கட்சித் தலைவர் படம் ஒட்டச் சொன்னதாக எழுந்த புகார்கள் நினைவிருக்கும். நிவாரணத்துக்கென ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பிவிட்டால் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 53, இரண்டு ஆண்டு வரை சிறை. மூட்டையில் அரசு முத்திரையோ நன்கொடையாளர் பெயரோ இருந்தால் படம் எடுங்கள். மேலே புதிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு படம்.

தேர்தல் அறிவித்த பிறகும் பேரிடர் நிவாரணம் நிற்காது. அமைச்சரோ வேட்பாளரோ கையில் கொடுப்பதுதான் கூடாது. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் அதே இடத்திலிருந்து படம் ஏற்றினால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு.

15. கேஸ் போடணும்னா முன்சீஃப் கோர்ட் போதுமா? செலவுக்கு என்ன பண்றது?

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் எடுத்த நடவடிக்கைகளை எதிர்க்கும் வழக்கைப் பிரிவு 71-இன்படி உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும்தான் விசாரிக்க முடியும். முன்சீஃப் கோர்ட்டில் போட்டு ஓராண்டு கழித்துத் ‘அதிகார வரம்பு இல்லை’ என்று திரும்பாதீர்கள். உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையில், ரிட் மனு. ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு’ என்ற உத்தரவுதான் பெரும்பாலும் வரும். சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அந்த உத்தரவுக்குப் பிறகு தாசில்தார் காரணம் எழுதியே ஆக வேண்டும், எழுதாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. பிரிவு 53 போன்ற குற்றங்களுக்கு நீங்களே தனிப் புகார் தொடுப்பதானால், முதலில் 30 நாள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் (பிரிவு 60).

செலவுக்கு: பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். எண் 15100.

16. பொய்ப் புகார்னு எங்க மேலயே கேஸ் போட்டா?

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பிரிவு 52 இருக்கிறது: நிவாரணம் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்க் கோரிக்கை வைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. மிரட்ட இதைத்தான் காட்டுவார்கள். பெயர் விடுபட்டது என்று புகார் கொடுப்பது இதில் வராது. நீர் புகாத வீட்டைப் புகுந்ததாக எழுதுவது வரும். ஒரே வீட்டில் மூன்று அட்டையை வைத்து மூன்று வீடாகக் காட்டுவதும் வரும்.

பட்டியலில் சேர்க்கும் ஆசையில் 13 வீட்டோடு இரண்டு சந்தேக வீட்டையும் சேர்த்துவிடுகிறார்கள். கள ஆய்வுக்கு வருபவர் அந்த இரண்டைத்தான் முதலில் தட்டுவார். கொடுப்பதற்கு முந்தைய இரவு பட்டியலைத் தெருவில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்தப் பெயருக்கு முணுமுணுப்பு வருகிறதோ, அந்த வீட்டின் நீர்க்கோட்டை மறுபடி அளந்து பாருங்கள்.